உபதேசியார் தலைமாடு

வெளியூர் போகிறவர்கள் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு போவார்கள். நான் ஒரு பக்கெட்டையும் சுண்ணாம்பு அடிக்கிற மட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். போன இடம் கோட்டையும் இல்லை, அருவியும் இல்லை. ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் பக்கம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் கல்லறைத் தோட்டம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த தடவை போகும்போது எனக்குச் சோறு கிடைக்காது.

நான் பெரம்பூரில் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவன். படிப்பு அஞ்சாவது வரை. அஞ்சாவதை இரண்டு தடவை படித்ததால் ஆறு வருஷப் படிப்பு என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். இது எண்பதுகளில் நடந்தது. அப்போது நான் குடியிருந்த வீட்டின் ஓனர் செல்லையா சார். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குச் சொந்த ஊர் மேலே சொன்ன ஊர். பாதி ஆயுசை மெட்ராஸில் கழித்தும் அவர் வாயில் மெட்ராஸ் ஒட்டவில்லை.

அவர் மனைவி ரத்தினம்மா, ஊருக்குத் திருவிழாவுக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்து இறந்து, அங்கேயே அடக்கமானவர். அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடத்தை சாருக்காக விட்டுவைத்திருந்தார்கள்.

"இந்த மெட்ராஸ்ல செத்தா ஒருத்தன் மேல ஒருத்தன அடுக்கிருவானுவ லே. நான் ரயில்ல போனாலே கீழ் பெர்த்து கேட்டு வாங்குறவன்" என்பார் சார்.

அந்தக் கீழ் பெர்த்துக்குத்தான் இப்போது ஆபத்து. அந்த ஊரில் ஒரு சட்டம் உண்டு. வருஷா வருஷம் நவம்பரில் வருகிற கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அவரவர் வீட்டுக் கல்லறைக்கு அவரவர் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று திருநாளுக்குச் சுண்ணாம்பு படாத கல்லறை ஊர்ப்பொது. அதையும் பக்கத்துக் காலி இடத்தையும் வேறு யாருக்கும் கொடுத்துவிடலாம். சார் பாத்ரூமில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டதில் இரண்டு திருநாள் போய்விட்டது. ஒரே மகன் ராணுவத்தில், அஸ்ஸாமில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. இது மூன்றாவது திருநாள்.

"ஏலே பழனி, நீ போயி அடிச்சிட்டு வா. ஆனா கூலிக்கு வந்தேன்னு வாயத் தொறந்துறாத. எங்க ஊர்ல சொந்தக்காரன் கை படணும். கூலிக்கு அடிச்சா அடிச்ச கணக்குல வராது. எவன் கேட்டாலும் சொந்தம்னு மட்டும் சொல்லு. என் பேரையும் இழுக்காத. என் சொந்தம் பூராவும் ஊருக்கு மனப்பாடம், எந்தக் கொப்புல தொங்குறன்னு குடைஞ்சிருவானுவ."

"சார், நானு முருகன் கோயில் ஆளு. அங்க போயி இன்னா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. நீ பேசுனா எல்லாம் கெட்டுரும்."

பிறகு அடையாளம் சொன்னார். "முன் வரிசையில நடுவுல உபதேசியார் படுத்திருக்காரு. அந்தக் காலத்துல எங்க சனத்துக்கு ஜெபம் சொல்லிக் குடுத்தவரு. அவரு தலைமாட்டுல நின்னு, அவரு பார்க்குற பக்கமே நீயும் பாரு. உன் வலது கைப்பக்கம் மூணாவது கல்லறை என் ரத்தினம். அதுக்கு அங்கிட்டு இருக்கிற காலி இடம் நான்."

காலி இடம் நான் என்று ஒரு மனுஷன் தன்னைக் காட்டிச் சொன்னதை அன்றுதான் கேட்டேன். சரி என்று கிளம்பிவிட்டேன்.

ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றது. பிளாட்பாரத்தில் ஒருவர் இலையில் பால்கோவா வைத்துக்கொண்டு போனார். எங்கள் பேட்டையில் பால் என்று ஊற்றுவதில் துணி அலசலாம். இங்கே பாலைச் சுண்டக் காய்ச்சிக் கட்டியாகக் கையில் கொடுக்கிறார்கள். இறங்கி ஒரு வாய் போட்டேன். கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது ரயில் இல்லை. என் பையும் பக்கெட்டும் மட்டையும் ராஜபாளையம் போய்க்கொண்டிருந்தன.

பால்கோவாக்காரர் என்னைப் பார்த்தார். "வண்டியில வந்தவியளா?"

"ஆமாங்க."

"இது வழக்கந்தான். இன்னும் நூறு கிராம் வாங்கிக்கிடுதியளா? எப்படியும் பஸ்ஸுக்கு நேரமிருக்கு."

வாங்கினேன். பிறகு ஊரைச் சுற்றினேன். எந்தத் தெருவுக்குள் போனாலும் கோபுரம் மேலே இருந்து எட்டிப் பார்த்தது, வேலை நடக்கிற இடத்தில் எங்கள் மேஸ்திரி பார்ப்பதைப் போல. மடவார் வளாகம் பக்கம் ஒரு கடையில் டீ குடித்துவிட்டு, மெட்ராஸ் டீயோடு ஒப்பிட்டு ஏதோ சொன்னேன். கடைக்காரர் கிளாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ராஜபாளையம் ஸ்டேஷனில் என் சாமான்களை யாரோ புண்ணியவான்கள் இறக்கி வைத்திருந்தார்கள். பக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாய் காவலுக்குப் படுத்திருந்தது. பேர்போன ராஜபாளையத்து நாய் இதுதானா என்று மரியாதையாகத் தள்ளி நின்றேன். போர்ட்டர் வந்து, "அது எங்கிட்டிருந்தோ வண்டியேறி வந்த நாயி" என்று காலால் நகர்த்தினார். இரண்டு பேரும் வெளியூர்க்காரர்கள் என்பதால் பாக்கி பால்கோவாவைப் பாதிப் பாதி எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை ராஜபாளையத்தில் ஒரு கடையில் கல் சுண்ணாம்பு ஒரு மூட்டை வாங்கினேன். மெட்ராஸில் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் எனக்குப் பழக்கம். அதைச் சொன்னதும் கடையில் இருந்த இரண்டு பேர் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். ராஜபாளையத்தில் பாதி ஊர் வீட்டில் தெலுங்கு பேசும் என்பது எனக்குத் தெரியாது. நான் வளர்ந்தது வியாசர்பாடியில். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தெலுங்கு வீடுகள். அவர்கள் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி:

"மெட்ராஸ்காரன் போல. இவனுக்குச் சிப்பியில்தான் சுண்ணாம்பு வருமாம்."

"விடு. முகத்தைப் பார்த்தால் சுண்ணாம்பை எடுத்துச் சாப்பிட்டுவிடுவான் போலிருக்கிறது."

போகும்போது தெலுங்கிலேயே, "இப்போதுதான் சாப்பிட்டேன், வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒருவர் பின்னாலேயே ஓடி வந்தார். ஒரு பொட்டலம் நீலமும் கொஞ்சம் காவியும் சும்மாவே கையில் கொடுத்தார்.

டவுன் பஸ் ஊரைத் தாண்டியதும் வழியெல்லாம் கயிறு கட்டிப் பேண்டேஜ் துணி காயப்போட்டிருந்தார்கள். ஒரு காடு முழுக்க வெள்ளைத் துணி. யாருக்கு இவ்வளவு பெரிய அடி என்று கண்டக்டரைக் கேட்டேன். "இந்த பஸ்ஸுல தெனமும் வந்தா உங்களுக்கே தெரியும்" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி, என் மூட்டை பக்கத்தில் இருந்தவர் காலில் விழுந்தது. அவருக்கும் அந்தத் துணி தேவைப்பட்டிருக்கும், செருப்பு காப்பாற்றியது.

ஊரில் இறங்கிக் கோயிலுக்குப் போனேன். அந்த ஊரில் கோயில் என்றால் சர்ச். அங்கே மணியடிப்பது, விளக்கேற்றுவது எல்லாம் பார்க்கிற கோயில்பிள்ளை வேதமுத்து. ஒல்லியான ஆள், பெரிய மீசை. மீசைக்குப் பின்னால் ஆள் நடந்து வருவது போல் இருக்கும்.

"யாரு நீங்க?"

"சொந்தம்."

"யாருக்கு?"

"கல்லறைக்கு."

"எங்கிருந்து வாரிய?"

"மெட்ராஸ்."

அவர் மட்டையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் மூக்கையே ரொம்ப நேரம் பார்த்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. சார் சொன்னது சரிதான், பேசாமல் இருந்தால் எல்லாம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கண்மாய்க் கரையைத் தாண்டி என்னைக் கூட்டிப்போனார். கல்லறைத் தோட்டம் பெரம்பூரில் எங்கள் தெரு மைதானத்தில் பாதிகூட இருக்காது. கிழக்கே செங்கல் வளைவு வைத்த வாசல். மேற்கே மலை, மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு. உள்ளே கல்லறைகள் வரிசை வரிசையாக, ரேஷன் கடையில் நிற்பதைவிட ஒழுங்காக.

வேதமுத்து சுவருக்கு வெளியே நின்றே சொல்லிக்கொண்டு வந்தார். வடக்கே மேடாகத் தெரிவது பேதி மேடு. அந்தக் காலத்தில் பேதி வந்து ஒரே வாரத்தில் போனவர்களை ஒரே குழியில் வைத்தார்களாம். தென்கிழக்கு மூலையில் செங்கல் அளவுக்குச் சின்னச் சின்ன மேடுகள், பிள்ளைகளுக்கு. அந்தப் பக்கம் அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மேலத்தெருக்காரர்கள் ஒரு பக்கம், கீழத்தெருக்காரர்கள் ஒரு பக்கம். உயிரோடு எந்தத் தெருவோ இங்கேயும் அந்தத் தெரு. தண்ணீர்க் குழாய்ச் சண்டையை மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"இந்தத் தெக்குச் சுவரு பழசு இல்ல. மருந்தக் குடிச்சுச் செத்தவங்களை முன்னெல்லாம் உள்ள விட மாட்டாக. சுவருக்கு வெளியதான் குழி. பொறவு ஊர்ப் பெரியவரு மகளும் அப்படிப் போச்சு. பார்த்தாக. பிள்ளையை உள்ள கொண்டு வர முடியாதுன்னு சாமியார் சொல்லிட்டாரு. அதனால ராத்திரியோட ராத்திரியா சுவரைத் தூக்கி அங்கிட்டுக் கட்டிட்டாக. இப்ப எல்லாரும் உள்ள."

நான் எத்தனையோ சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். இப்படி ஒரு சுவரைப் பார்த்ததில்லை.

"எல்லாருக்கும் தலை மலைப் பக்கம், காலு கிழக்க. கடைசி நாள்ல எக்காளம் ஊதும்லா, அன்னைக்கு எந்திரிச்சா நேரா சூரியனைப் பார்த்து எந்திரிக்கணும்" என்றார் வேதமுத்து.

"உபதேசியார்?"

"அந்தா, நடுவுல கெடக்கு பாருங்க பலகைக் கல்லு, அவருதான்." அதற்குள் கோயிலில் யாரோ கூப்பிட்டார்கள். மெழுகுவர்த்தி வண்டி வந்துவிட்டதாம். மீசையும் பின்னாலேயே அவரும் போய்விட்டார்கள்.

அடுத்து நான் செய்ததை ஆறு வருஷம் படித்த யாரும் செய்வார்கள். எல்லாக் கல்லறைக்கும் தலைமாட்டில் சிலுவை நின்றது. உபதேசியார் கல்லில் சிலுவையே இல்லை, வெறும் பலகை. எல்லாருக்கும் தலை மலைப் பக்கம் என்று இப்போதுதானே சொன்னார். அதனால் மலைப் பக்கம் போய் நின்றேன். உபதேசியாரைப் போல் கிழக்கே பார்த்தேன். வலது கையை நீட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது கல்லறை மழையில் கறுத்துப்போய்க் கிடந்தது, இரண்டு மூன்று வருஷம் கை படாதது போல. அதற்கு அங்கிட்டு ஓர் ஆளுக்குக் காலி இடம். இதைவிட அடையாளம் வேறென்ன வேண்டும்?

அன்று நான் அடித்ததுபோல் வாழ்நாளில் அடித்ததில்லை. பாசியைச் சுரண்டி, மூன்று பூச்சு. நீலத்தைக் கலந்ததில் நிலா மாதிரி ஆகிவிட்டது. சுற்றி ஒரு காவி பார்டர். மெட்ராஸில் கல்யாண வீட்டு வாசலில் போடுவேன், நாலு ரோஜாப்பூ, அதையும் போட்டேன். காலி இடத்தின் நாலு மூலைக்கும் நாலு கல் புரட்டி வைத்து, அதற்கும் சுண்ணாம்பு அடித்தேன். சாரின் கீழ் பெர்த் ரிசர்வ் ஆகிவிட்டது. சுண்ணாம்பும் தீர்ந்துவிட்டது. கிளம்பும்போது ரத்தினம்மாவை நினைத்து, பார்த்தே இராத அந்த அம்மாவுக்காகக் கொஞ்சம் கண் கலங்கியது. சுண்ணாம்புத் தூளும் காரணமாக இருக்கலாம். வரப்பில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கோயில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்தேன். விடிந்ததும் ஊரே மாறியிருந்தது. யாரோ ஒரு பெண் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்பிடு ராசா" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு போனார். டீக்கடையில் காசு வாங்கவில்லை. ஒருவர் என் தோளைத் தட்டி, "பெரியவுக செஞ்சதுக்குப் பிள்ளைக என்ன செய்யும்" என்றார். இந்த ஊர்க்காரர்கள் வெள்ளையடிக்கிறவனுக்கு இவ்வளவு மரியாதை தருகிறார்களே, குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடலாமா என்று யோசித்தேன்.

ஊரை ஒட்டிய பம்புசெட்டில் குளிக்கப் போனேன். வயலில் இரண்டு பெண்கள் களை எடுத்துக்கொண்டே தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைத் தமிழில் சொன்னால்:

"அதோ குளிக்கிறான் பார். லாரிக்கார சவரிமுத்துவின் மகன். மெட்ராஸ் சின்ன வீட்டுப் பிள்ளை."

"ஊர்ப் பேச்சு உண்மைதானா அப்போ? மூக்கைப் பார், அப்படியே அப்பன்."

"நேற்று அப்பனுக்கு அழுது அழுது சுண்ணாம்பு அடித்தானாம். பூவெல்லாம் போட்டிருக்கிறான். பக்கத்து இடத்துக்குக் கல் வேறு நட்டுவிட்டான், அவன் அம்மாவுக்கு. புஷ்பம் காதுக்கு இன்னும் போகவில்லை. போனால் இன்றைக்கு இரண்டு குழி வெட்ட வேண்டிவரும்."

தலைக்குப் போட்ட சோப்போடு ஓடினேன்.

கல்லறைத் தோட்டத்தில் ஏற்கனவே கூட்டம். ரோஜாப்பூ போட்ட கல்லறைக்கு முன்னால் ஓர் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். அவர்தான் சவரிமுத்துவின் சம்சாரம் புஷ்பம் அக்கா. பக்கத்தில் வேதமுத்து, மீசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

"வாய்யா. வெள்ளாட்டி மகனே வா" என்றார் அக்கா. "உங்கம்மா சேலை கட்டிக்கிட்டு வருவாளா, இல்ல நேரா பெட்டியில வருவாளா?"

"அக்கா, எங்கம்மாவுக்கு இங்க இன்னா வேலை?"

"இன்னாவா? அந்த மனுசன் பருத்தி பேலு ஏத்திக்கிட்டு மெட்ராஸ் போவாரு. ரெண்டு நாள்ல வாரேம்பாரு, பத்து நாளாகும். கேட்டா ஆர்பர்ல லாரியெல்லாம் கியூம்பாரு. கியூல நின்னு பெத்த பிள்ளைதானே நீ?"

கூட்டத்தில் ஒருவர், "மூக்கு அப்படியே இருக்குத்தா" என்று உதவி செய்தார்.

"முப்பது வருசம் ஒரே ஓட்டு வீட்டுல கெடந்தேன். ஒரு நாள் அந்தச் சுவத்துக்கு இந்த மனுசன் சுண்ணாம்பு அடிக்கல. அவருக்கு நான் எதுக்கு அடிக்கணும்? அடிக்க மாட்டேன்னு ஊரறியச் சொன்னேன். மூணாவது திருநாளோட அந்த எடமும் போகட்டும், அவரு பக்கத்துல எனக்குப் படுக்கையும் வேண்டாம்னு சொன்னேன். சொன்னேன்தான். ஆனா அதுக்காக அந்த எடத்துல உங்கம்மா வந்து படுப்பாளா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் நாலு கல் நட்டது அந்த அக்காவின் இடத்தில். அப்படியானால் சாரின் இடம் எங்கே? சார் பேசாதே என்று சொல்லியிருந்தார். நான் எல்லாவற்றையும் பேசிவிட்டேன். செல்லையா சார், இடுப்பு, ரத்தினம்மா, தலைமாடு, வலது கை. கூலி மட்டும் சொல்லவில்லை.

"உங்கப்பா பேரு?"

"முனுசாமி. கார்ப்பரேஷன்ல வேலை."

"அம்மா?"

"கன்னியம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா அக்கா."

அவர் மறுபடி என் மூக்கைப் பார்த்தார். பிறகு, "உபதேசியாருக்குத் தலை எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

"மலைப் பக்கம். எல்லாருக்கும் அப்படித்தான்னு இவர் சொன்னாரே."

கூட்டம் முழுக்க வேதமுத்துவைப் பார்த்தது. அவர் மெதுவாக, "உபதேசியாரு எல்லாரும் இல்லையே" என்றார்.

புஷ்பம் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அறிவு கெட்டவனே, அவரு ஊருக்குப் பிரசங்கம் பண்ணுனவரு. சனத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டா படுப்பாரு? கடைசி நாள்ல எந்திரிச்சதும் அவரு நம்மளைப் பார்க்கணும், நம்ம அவரைப் பார்க்கணும். எவன் வந்திருக்கான் எவன் வரலன்னு அவரு எண்ணணும்லா. அவருக்கு மட்டும் தலை கிழக்க. இது பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

நான் உபதேசியாரின் காலடியில் நின்று அவர் கால் கட்டைவிரல் வழியாக ஊரைப் பார்த்திருக்கிறேன். வலது இடதாகிவிட்டது. அந்தப் பக்கம் மூன்றாவது கல்லறை, அதாவது உண்மையான ரத்தினம்மா, கறுப்பாக, புல் முளைத்து, யாரும் இல்லாமல் இருந்தார்.

சாயங்காலம் ராஜபாளையத்திலிருந்து சாமியார் வந்து கல்லறைகளை மந்திரித்துவிட்டால் அந்த வருஷக் கணக்கு முடிந்தது. டவுனுக்குப் போய்ச் சுண்ணாம்பு வாங்கலாமென்றால் பஸ் அதற்குள் போய்த் திரும்பாது. மலையில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு வெற்றிலைக்குக்கூடத் தேறவில்லை. ஊரில் யாரிடமும் சுண்ணாம்பு இல்லை. எல்லாரும் முந்தாநாளே அடித்து முடித்துவிட்டார்கள். மெட்ராஸில் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிற மனுஷனிடம், உங்கள் கீழ் பெர்த்தை ரோஜாப்பூ போட்டு வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அழாத. நேத்தும் அழுதியாம். எங்க வீட்டு மனுசனுக்கு நானே அம்புட்டு அழல" என்றார் புஷ்பம் அக்கா. பிறகு வீட்டுக்குப் போய், ஒரு மண்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். சட்டி நிறைய ஊறின சுண்ணாம்பு.

வேதமுத்து வாயைப் பிளந்தார். "நீதான் அடிக்க மாட்டேன்னு..."

"வருசா வருசம் நனைச்சு வைக்கத்தான் செய்வேன். தூக்கப் போகும்போது கோவம் வந்துரும். கோழிக்கூட்டுக்கு அடிச்சிருவேன். இந்த ஊர்ல எங்கூட்டுக் கோழி மாதிரி வெள்ளைக் கூட்டுல இருக்கிற கோழி கிடையாது."

நான் மட்டையை எடுத்தேன். அவர் பிடுங்கிக்கொண்டார். "உன் கை ஆகாது. இங்க யாருக்கும் நீ சொந்தமில்லன்னு இப்பதானே ஊருக்கு முன்னால சத்தியம் பண்ணுன. ரத்தினக்கா எனக்குச் சித்தி மக. நான் அடிச்சாத்தான் கணக்கு."

"அப்ப அங்க நான் அடிச்சது?" என்று சவரிமுத்துவின் கல்லறையைக் காட்டினேன்.

அக்கா யோசித்தார். என் கை செல்லாது என்றால் அது சுண்ணாம்பு படாத மூன்றாவது திருநாள். அவருடைய இடம் போய்விடும். அவரே அடித்தால் அவர் சொன்ன சொல் போய்விடும்.

"வேதமுத்து, இவன் மூக்க நல்லாப் பாரு" என்றார் அக்கா.

"பார்த்தாச்சு."

"யாரு மூக்கு?"

"சவரிமுத்தண்ணன் மூக்குதான். அதுல சந்தேகமே இல்ல."

"அப்ப பிள்ளை அடிச்சதாவே இருக்கட்டும். நான் அடிக்கல. அத எல்லாரும் பார்த்துக்கிடுங்க."

வேதமுத்துவும் மீசையும் தலையை ஆட்டினார்கள். அப்படியாக முனுசாமி மகன் நான், ஒரு சாயங்காலத்துக்குள் சவரிமுத்துவின் வாரிசானேன்.

அக்கா ரத்தினம்மாவுக்கு அடிக்க ஆரம்பித்தார். தொழில்காரன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது கொடுமை. "அக்கா, மேலேர்ந்து கீழே இழுங்க" என்றேன். "வாய மூடுறியா?" என்றார். மூடினேன். நாலு கல்லையும் பெயர்த்துக்கொண்டுபோய் சாரின் இடத்தில் வைக்கச் சொன்னார். மூன்றாவது கல்லை வைத்துவிட்டு நாலாவதற்குத் திரும்பியபோது, "அது ஒண்ணு கெடக்கட்டும்" என்றார். சாருக்கு நாலாவது மூலையில் ஒரு செங்கல்லை வைத்தேன்.

சாமியார் பைக்கில் வந்து இறங்கியபோது கடைசி இழுப்பு ஈரம் காயவில்லை. ஊர் முழுக்க மெழுகுவர்த்தி. தூறல் விழுந்தும் அணையாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரில் கரண்ட் போனால்தான் இவ்வளவு மெழுகுவர்த்தி பார்க்கலாம். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்து ரோஜாப்பூவைப் பார்த்து நின்றார். "இது யார் வேலை?"

"மெட்ராஸ் பிள்ளை சாமி" என்றார் புஷ்பம் அக்கா.

திரும்பி வந்து செல்லையா சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஒத்தடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

"சார், உண்மையாவே அவருக்கு இங்க இன்னொரு குடும்பம் இருந்துச்சா?"

"யாருக்கு, சவரிமுத்துக்கா? அவன் மெட்ராஸ் வந்தா லாரிக்குள்ளயே தூங்குவான். குளிக்க மட்டும் எங்க வீட்டுக்கு வருவான். ஒரு குடும்பத்தையே தாங்க மாட்டாம முழிச்ச பய லே அவன். ஆர்பர்ல நெசமாவே கியூதான்." சிரிப்பை நிறுத்திவிட்டு விரலை நீட்டினார். "இதப் புஷ்பத்துகிட்ட சொல்லிறாத. அந்தக் கோவத்துலதான் அவ அந்த எடத்த விடாமப் பிடிச்சிருக்கா."

நான் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் மூக்கைப் பார்த்தேன். ஒரு ஊரே சேர்ந்து சொன்னால் சந்தேகம் வரத்தானே செய்யும். அம்மாவிடம் ஜாடையாகக் கேட்டேன். முறத்தால் அடித்ததில் முதுகு வீங்கியது. முனுசாமி மகன்தான் என்பது உறுதியாயிற்று.

அதற்கப்புறம் வருஷா வருஷம் போனேன். சவரிமுத்துவுக்கு நான் அடிப்பேன், ரத்தினம்மாவுக்கு அக்கா அடிப்பார். ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும்போது ஜன்னல் வழியாகவே கையை நீட்டிப் பால்கோவா வாங்கப் பழகிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் செல்லையா சார் தூக்கத்திலேயே போய்விட்டார். ஒரு வேனில் ஐஸ் வைத்துக் கொண்டுபோனோம். மகன் முன்னால், நான் பின்னால் சாரோடு. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது டயர் பஞ்சராகி எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. அந்த ஊரில் இறங்கினால் வண்டி போய்விடும். அன்றைக்கு அவரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

சாரை இறக்கினார்கள். ரத்தினம்மா பக்கத்தில், மூன்று கல்லுக்கும் ஒரு செங்கல்லுக்கும் நடுவில், மேலே யாரும் இல்லாமல். தலை மலைப் பக்கம், கால் கிழக்கே. உபதேசியாருக்கு எண்ணிக்கையில் ஒன்று கூடியது.

கூட்டம் கலைந்ததும் புஷ்பம் அக்கா என் பக்கத்தில் வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. "வந்ததுதான் வந்த, உங்கப்பாவுக்கும் ஒரு கை இழுத்துட்டுப் போ. சுண்ணாம்பு நனைச்சு வச்சிருக்கேன்."

திருநாளுக்கு இன்னும் மாசக்கணக்கில் இருந்தது. "கோழிக்கூட்டுக்கு நனைச்சதா அக்கா?" என்று கேட்டேன்.

"கோழிய எல்லாம் வித்து வருசமாச்சு" என்று சொல்லிவிட்டு, சட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.